ஓடையில் விட்ட தண்ணீர்

மழை பெய்யாத ஊரில் மழைத்தண்ணீரைச் சோதிக்கிற வேலை எனக்கு. சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், "அப்ப மழை பெய்யாத மாசத்துக்குச் சம்பளம் கெடையாதாக்கும்?" என்று கேட்டார். உண்டு என்றேன். "நல்ல பொழப்புய்யா" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றிக் குடித்தார்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை ஒட்டிப் பெரிய குடோன்கள் கட்டுகிறார்கள். வேலிக்கருவை மண்டிக் கிடந்த காடு. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், அதன் மேல் கட்டடம் நிற்காது என்று, எங்கிருந்தோ டிப்பர் டிப்பராகச் செம்மண் கிராவல் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு மேடு போட்டார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு வெளியூரெல்லாம் சுற்றி வந்த நான் அங்கே சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். கம்பி, கான்கிரீட் எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். வடிகால் என் தலையில் விழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்த மேட்டில் விழுகிற மழை, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது. சுற்றிலும் வாய்க்கால் வெட்ட வேண்டும். வாய்க்கால் முடிகிற இடத்தில் அடுத்தடுத்துக் குழிகள். தண்ணீர் அந்தக் குழிகளில் நின்று, மண்ணை அடியில் விட்டுவிட்டு, தெளிந்த பிறகு ஓடையில் இறங்க வேண்டும். வாரம் ஒரு தடவை யாராவது நடந்து பார்க்க வேண்டும். மழை பெய்தால் மறுநாளே பார்க்க வேண்டும். குழியில் மண் சேர்ந்தால் அள்ள வேண்டும். பணம் போட்டவர்கள் வைத்த நிபந்தனை இது. நல்ல நிபந்தனைதான், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வாரா வாரம் நடந்தேன். காய்ந்த வாய்க்காலில் ஆட்டுப் புழுக்கை, பீர் பாட்டில், வெயிலுக்குத் தலையாட்டுகிற ஓணான். அதையும் கடமைக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒருவரும் எதுவும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் பெய்தது. எங்கள் பக்கம் மழை அப்படித்தான், வருஷம் முழுக்கக் கண்ணில் காட்டாது, வந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். குழிகள் அத்தனையும் நிறைந்து, செம்மண் கரைந்து, ஓடை வழியாக எங்கள் ஊர்க் கண்மாய்க்கே போய்ச் சேர்ந்தது. ஆமாம், அந்த ஓடை எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்து. கரிசல் வண்டல் படிகிற கண்மாயில் மடை வரைக்கும் சிவப்பாகச் சேறு படுத்திருந்தது. மறுநாள் விதிப்படி போய்ப் பார்த்து, போட்டோ எடுத்து, ஜேசிபி வேண்டும், குழியை உடனே தூர்வார வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

என் அப்பா அந்தக் கண்மாயை நம்பி நெல்லும், கண்மாய் ஏமாற்றுகிற வருஷம் மிளகாயும் போடுகிறவர். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "ஏலே, ஒங் கம்பெனி மண்ணு நம்ம கண்மாய்க்குள்ள வந்து படுத்துக் கெடக்குடா" என்றார்.

"அள்ளச் சொல்லியிருக்கேன்ப்பா."

"நீ சொன்னா எவன் கேப்பான்? நான் சொல்றேன்."

மனு எழுதி வாங்கிக்கொண்டு திருச்சுழிக்கு பஸ் ஏறினார். கேட்கவில்லை என்றதும் விருதுநகருக்கே போனார். மகன் வேலை பார்க்கிற கம்பெனி மேல் அப்பன் மனுப் போடுகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவர வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லுப்பா" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டையைத் தூக்கியிருப்பார்.

வீட்டில் ரெஸ்ட் எடுக்க வைத்தது அவருடைய இடுப்பெலும்பு. ஆடி மாதம் கண்மாய்க் கரையில் சறுக்கி விழுந்து முறித்துக்கொண்டார். வயசாகிவிட்டது, இருதயமும் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டிலோடு கட்டிலானார். திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஊரில் தண்ணீர் கிடையாது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் எப்போது வரும் என்பது அதைத் திறந்து விடுகிறவருக்கே தெரியாது. அடிபம்பில் உப்பு. புழங்குவதற்கு டேங்கர் லாரியில் வாங்கி டிரம்மில் பிடித்து வைத்து, மொண்டு மொண்டு செலவழித்தோம். அம்மா அப்பாவை ஒரு சட்டித் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்து விடுவாள். நெற்றி, கழுத்து, அக்குள், முதுகு, கால் என்று அதே சட்டி, அதே துண்டு.

வரப்பில் நின்றாலும் பம்புசெட்டில் தலை கொடுத்துக் குளித்துவிட்டு வருகிற மனுஷன் அவர். அவருக்கு அது தாங்கவில்லை. வலியைப் பற்றிக்கூடப் புலம்ப மாட்டார், இதைத்தான் புலம்புவார்.

"ஒரு நாளாச்சும் தலைக்கு ஊத்தி விடுங்கடா. மேலெல்லாம் நசநசன்னு இருக்கு."

"ஊத்துறோம்ப்பா. தம்பி வரட்டும்."

ஒற்றை ஆள் தூக்க முடியாது. தம்பி திருப்பூரிலிருந்து புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான். அன்றைக்குக் காலையில் முழு டேங்கர் ஒன்றை வீட்டு வாசலுக்கே வரச் சொல்லி டிரைவரிடம் பேசி வைத்தேன். வழக்கமாக எங்கள் தெருவுக்கு ஊற்றுகிறவர்தான். பெஞ்சை முற்றத்தில் போட்டு, இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்து, சீயக்காய் தேய்த்து, வாளி வாளியாக ஊற்றுவதாகத் திட்டம். அப்பாவிடமும் சொன்னேன். "வெந்நி வேணாம், பச்சத் தண்ணியே ஊத்து" என்றார். அதன் பிறகு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் வெள்ளிக்கிழமை குளிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது செத்துப்போனார். தம்பி பஸ்ஸை விட்டு இறங்கி வந்து வாசலில் பையைப் போட்டபோது அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அம்மா அழுததெல்லாம் ஒன்றைச் சொல்லித்தான். "ஒரு குளி குளிக்கணும்னு கெடந்தாகளே! இன்னும் ஒரு பொழுது இருந்திருக்கக் கூடாதா!" என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீர்மாலைத் தண்ணியாச்சும் நெறய எடுத்தாந்து நல்லாக் குளிப்பாட்டி அனுப்புங்கடா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மறுநாள் சனிக்கிழமை, சனிப் பிணம் துணை தேடும் என்பார்கள். பிணத்தை வைத்திருக்கிற பேச்சே கிடையாது, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். எங்கள் ஊர் வழக்கத்தில், எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளும் பங்காளிகளும் சங்கு ஊதி, கொட்டு முழங்க, நான்கு மூலையும் பிடித்த வேட்டிக்கு அடியில் நடந்து போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவோம். அதுதான் நீர்மாலை. அந்தத் தண்ணீரில்தான் கடைசிக் குளி. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஊருணியில் பாசிகூட இல்லை. சித்தப்பாவின் கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்தது. டேங்கரைத் தோட்டத்துத் தொட்டியில் ஊற்றி, அங்கே போய் மொண்டு வரலாம் என்று முடிவு செய்தோம்.

டேங்கர் வரவில்லை. பத்து மணிக்கு டிரைவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நான் ஒங்க சைட்டுலதான் நிக்கிறேன். காலையிலருந்து எல்லா வண்டியவும் ஒங்க மேனேஜருதான் பிடிச்சு வச்சிருக்காரு. வாய்க்கால்ல ஊத்தச் சொல்றாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பணம் போட்டவர்களின் ஆட்கள் மெட்ராஸிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்பது தெரியும். அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள், முன்கூட்டியே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் வடிகால் வேலை செய்கிறதா என்று தண்ணீர் ஓட விட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மழை எங்கே இருக்கிறது? மழைக்குப் பதில் டேங்கர். அட கடவுளே என்று இருந்தது எனக்கு. இடுப்பு வேட்டியும் மேல்துண்டுமாக அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சைட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒன்று மாற்றி ஒன்றாக வாய்க்கால் தலைப்பில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காய்ந்து வெடித்த வாய்க்கால் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது. ஊற்றின தண்ணீர் பாதி தூரம் போவதற்குள் காணாமல் போய்விடும். அதற்காக இன்னும் வண்டி, இன்னும் வண்டி என்று காரியாபட்டி வரைக்கும் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு வழியாக வெடிப்பெல்லாம் அடைந்து, தண்ணீர் குழிகளைத் தாண்டி ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய், "சார், அப்பா இறந்துட்டாரு. எனக்கு ஒரு லோடு வேணும்" என்றேன்.

"அடடா" என்றார். நிஜமாகவே முகம் மாறியது. "ஆனா இப்ப முடியாதுப்பா. மேடம் நிக்கிறாங்க. தண்ணி விட்டு விட்டு வந்தா ரிசல்ட் சரியா வராதுங்கறாங்க. முடியட்டும், நாலு வண்டிகூட அனுப்புறேன்."

"நான் எங்கப்பனக் குளிப்பாட்டக் கேக்குறேன்யா. நீங்க மண்ணுல ஊத்திக்கிட்டு இருக்கீக!"

கத்திவிட்டேன். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடைக்குள் நின்றுகொண்டிருந்த ஆய்வுக்காரப் பெண்மணியும் நிமிர்ந்து பார்த்தார். நடு வயசு, தலையில் ஹெல்மெட், காலில் சேறு. கையில் ஒரு கண்ணாடிக் குடுவை வைத்திருந்தார். ஓடையில் இறங்குகிற தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது.

எனக்கு ஆச்சரியமில்லை. போன ஐப்பசியிலேயே குழிகள் தூர்ந்துவிட்டன. தூர்வாரச் சொன்னதற்கு, மேலாக ஜல்லியைப் பரப்பிப் பார்வைக்கு அழகாக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் நிற்பதற்கு இடமே இல்லை. வந்த வேகத்தில் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் போன் அடித்தது. சித்தப்பா. பின்னால் கொட்டுச் சத்தம், பேச்சு பாதிதான் கேட்டது. நரிக்குடியிலிருந்து மாலையோடு வந்த அத்தை மகன், ரோட்டுப் பாலத்தைத் தாண்டும்போது ஓடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்.

"ஓடையில தண்ணி வந்திருச்சாம்டா! நாங்க நீர்மாலைக்கு அங்கயே வாரோம். நீ ஓடைக்கு வந்து நில்லு!"

"சித்தப்பா, வேணாம், அது லாரித் தண்ணி. மண்ணுத் தண்ணி..."

"ஆங்? சரி சரி, வாரோம்" என்று வைத்துவிட்டார்.

திருப்பித் திருப்பி அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. ஓடைக் கரைக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் சங்குச் சத்தம் கேட்டது. வேலிக்கருவைக்கு நடுவே வெள்ளை வேட்டி அசைந்து வந்தது. அதற்கு அடியில் தம்பி, பங்காளிகள், கையில் குடங்கள், பின்னால் ஊர். ஓடையில் தண்ணீரைக் கண்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். சாவுக்குப் போடுகிற குலவைதான், ஆனால் அன்றைக்கு அதில் வேறு ஒரு சந்தோஷம் இருந்தது. புரட்டாசி வெயிலில், சொட்டு மழை இல்லாமல், ஓடையில் தண்ணீர்! அதுவும் அந்த ஓடைக்காகவே அலைந்து மனுப் போட்ட மனுஷன் செத்த அன்றைக்கு!

தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணே, அப்பாவுக்காக ஓடுதுண்ணே. குளிக்கணும் குளிக்கணும்னு கேட்டாரே..."

"ஏலே, இது கம்பெனிக்காரன் டேங்கர்ல ஊத்துனதுடா. நெறத்தப் பாருடா, கிராவல் மண்ணு."

"புதுத் தண்ணி கலங்கலாத்தான் வரும்" என்றார் சித்தப்பா.

எங்கள் ஊரில் அதுதான் நிஜம். முதல் வெள்ளம் கலங்கித்தான் வரும், அதைத்தான் நல்ல தண்ணீர் என்று கும்பிடுவார்கள். மறைத்து நின்ற கருவை மரங்களுக்கு அப்பால் லாரிகள் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. வந்து பாருங்கள் என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"சங்கு ஊதிக் கெளம்புனா எங்கயும் நிக்கப் படாது, நடுவுல எங்கடா கூட்டிட்டுப் போற? கம்பெனிச் சம்பளம் வாங்குறவன் இப்படித்தான் பேசுவ. அவன் தண்ணி, இவன் தண்ணின்னு. இது ஒங்கப்பனுக்கு வந்த தண்ணி."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி மேடேறி வந்தார். குடுவையைக் காட்டி, "ஐயா, இந்தத் தண்ணி எதுக்கும் ஆகாது. கண்மாய்க்கே விடக் கூடாதுன்னு இப்பதான் நிறுத்தச் சொன்னேன். சிமெண்டு கழுவினது, டீசல் எல்லாம் கலந்திருக்கு. தயவுசெஞ்சு எடுக்காதீங்க" என்றார். கும்பிட்டுத்தான் சொன்னார். ஹெல்மெட் போட்ட பெண்பிள்ளை நீர்மாலையை மறிக்கிறது என்று கூட்டத்தில் சத்தம் எழுந்தது. சங்கு ஊதுகிறவர் இன்னும் பலமாக ஊதினார். வேட்டியைத் தலைக்கு மேல் கொண்டுவந்தார்கள். அப்பனுக்குத் தலைமகன்தான் முதல் குடம் மொள்ள வேண்டும். தம்பி குடத்தை என் கையில் வைத்து, "மொள்ளுண்ணே" என்றான்.

மொண்டேன். வேறென்ன செய்ய? வீட்டில் இருந்த குடிதண்ணீரெல்லாம் வந்த சனத்துக்குக் காப்பிக்கும் மோருக்கும் போய்விட்டது. அந்தப் பெண்மணிக்குப் பின்னாலேயே வந்து நின்ற மேனேஜரைத் திரும்பிப் பார்த்தேன். ஆய்வு நின்றுவிட்டது, இனி வண்டியைத் தரலாமே என்றுதான் பார்த்தேன். அத்தனை லாரியும் காலி என்று கையை விரித்தார். மறுபடி பிடிக்க வேண்டுமென்றால் போர்வெல்லுக்குக் கரண்டு சாயங்காலம் வர வேண்டும். டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்று, "நான் என்னண்ணே செய்வேன், அட்வான்ஸ் குடுத்துட்டாரு" என்றார்.

ஊர் வந்து சேரும் வரைக்கும் குடம் தளும்பித் தோளில் வழிந்தது. ஆத்திரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. அந்த மண்ணை ஓடைக்குள் விடாதே என்று மனிதர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். அதே மண்ணைக் குடத்தில் மொண்டு சங்கு ஊதி அவருக்கே கொண்டுபோகிறோம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

முற்றத்தில் பெஞ்சைப் போட்டு, சுற்றிலும் சேலை பிடித்து, அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். கட்டிலில் கிடந்து கிடந்து முதுகெல்லாம் புண். தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். முதல் குடத்தை நான் ஊற்றினேன். நரைத்த தலைமுடிக்குள் சிவப்பு இறங்கியது. காதுக்குள், கண்ணோரத்தில், கழுத்து மடிப்பில் மண் தங்கியது. தம்பி ஊற்றினான், பங்காளிகள் ஊற்றினார்கள். நெஞ்சு மயிரெல்லாம் சேறு. இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகிவிட்டது. குலவை நின்றுபோயிருந்தது. சித்தப்பா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் விரல் கனத்துக்குக் கிராவல் படிந்திருந்ததைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் குடத்தைக் கீழே வைத்தார்.

அம்மா தலைமாட்டில் நின்றாள். "இன்னும் ரெண்டு குடம் ஊத்துடா. செவப்புப் போகட்டும்."

ஊற்றினேன்.

"இன்னும் ஊத்து. காதுல பாரு."

"அம்மா, ஊத்த ஊத்தச் செவப்புத்தாம்மா வரும். இதுதான் அந்த மண்ணு."

அம்மாவுக்கு எந்த மண் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வேற தண்ணி?"

"இல்லம்மா."

என் கையிலிருந்த குடத்தை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, நனைந்திருந்த சேலைத் தலைப்பைப் பிழிந்து கையில் சுற்றிக்கொண்டாள்.

"அப்ப ஊத்தாத. எல்லாரும் தள்ளுங்க. அவுகளுக்குத் தொடச்சு விட்டுத்தான் பழக்கம், நானே தொடச்சு விடுறேன்" என்று சொல்லி, முதலில் நெற்றியைத் துடைத்தாள்.